யாரும் கூப்பிட மாட்டோம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தவளுக்கு இணையத்தில் கால்புள்ளி என்று பெயர். அவளே வைத்துக்கொண்டது. மற்றவர்கள் ஒரே மூச்சில் கடந்துபோகிற இடத்திலெல்லாம் அவள் நின்று நின்றுதான் போவாள். வாக்கியம் முற்றுப்புள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் கேட்பவர் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பேச்சு வந்த நாளிலிருந்தே திக்குவாய்.

முதலில் அவளைக் கடையின் முன்பக்கம் நின்று விற்கத்தான் எடுத்தார்கள். வாடிக்கையாளர் ஒருவர் விலை கேட்டதாகவும், அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் எதிர்க்கடையில் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, "இப்ப சொல்லும்மா" என்று நின்றதாகவும் முதலாளி ஒரு கதை வைத்திருந்தார். பாதி பொய். ஆனாலும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார். அதன்பிறகு அவள் பின்னறைக்கு மாறினாள். லென்ஸைப் பிரேமின் அளவுக்கு அரைத்து, ஓரம் மழுக்கி, திருகாணி முடுக்கிப் பொருத்துகிற வேலை. அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் யாரும் யாரையும் பேசச் சொல்வதில்லை. அது அவளுக்குச் சௌகரியமாகவே இருந்தது.

எழுத்தில் அவள் திக்குவதில்லை. அதனால்தான் வலைப்பூ தொடங்கினாள். முதல் பதிவு, அடிக்கிற தொலைபேசியைப் பற்றி. மணி அடிக்கும்போது தன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது, அது நிற்கும்வரை குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பது எப்படி என்றெல்லாம் எழுதியிருந்தாள். சில நாட்கள் ஈ காக்கை வரவில்லை. பிறகு ஒருவன் வந்து கீழே எழுதினான்: "நான் போனை எடுத்து இருமுவேன். பாவம், நெஞ்சுச் சளின்னு அவங்களே வெச்சிடுவாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அவன்தான் ரேடியோ. டயர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி கரகரக்கிறான் என்று பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். "அவங்க வெச்ச பேரை நான் எடுத்துக்கிட்டேன். இனிமே யாரும் அதை வெச்சு என்னைத் திட்ட முடியாதில்ல" என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த காபிக் கடையில் சந்தித்தார்கள். ஒரு காபி ஆறிப்போகும் நேரத்தில் மூன்று நான்கு வாக்கியங்கள் பேசி முடித்திருப்பார்கள். அவளுக்கு ஒரு சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டால் அவன் எடுத்துக்கொடுக்க மாட்டான். மேசைமேல் கையை வைத்துக்கொண்டு, வரும்வரை இருப்பான். அவளும் அப்படியே. அண்ணன், அம்மா, டீச்சர், டாக்டர் எல்லாரும் அன்பின் பெயரால் அவள் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள்தான். பிடுங்காத முதல் ஆள் அவன்.

வலைப்பூ மெல்ல மெல்ல ஒரு கூட்டமானது. திக்கிப் பேசுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். தளத்துக்கு "திக்குத் தெரிந்தவர்கள்" என்று பெயர் வைத்தான் ரேடியோ. திக்குத் தெரியாமல் நிற்பதாகத்தானே ஊர் சொல்லும், நமக்குத்தானப்பா திக்கு நன்றாகத் தெரியும் என்று அவன் விளக்கம் எழுத, அன்று முழுக்கக் கூட்டம் சிரித்தது. தக்காளி என்றொரு பெண் வந்தாள். அவளுக்கு 'த' வராது. கடையில் போய் நின்று, "அந்தச் செவப்பு, உருண்டையா, ரசம் வருமே" என்று விடுகதை போட்டுத் தக்காளி வாங்குகிறவள். ஒரு பேருந்து நடத்துநர் வந்தார். பயணச்சீட்டு கொடுக்கும்போது வராத திக்கல் வீட்டுக்கு வந்து மனைவி பெயரைக் கூப்பிடும்போது வருகிறது என்று எழுதினார்.

கூட்டம் சேர்ந்த இடத்துக்குக் கல்லெறிகிறவர்களும் வருவார்கள் அல்லவா? வந்தார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே "வ-வ-வணக்கம்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். நடத்துநரின் பதிவுக்குக் கீழே அவர் மனைவியைப் பற்றி எழுதினார்கள். கால்புள்ளி அழிக்க அழிக்க, வேறு வேறு பெயரில் முளைத்தன. மனம் விட்டு எழுதியவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள்.

"க-க-கதவு போடணும்" என்றான் ரேடியோ, காபிக் கடையில். "லாகின் வெச்சிடு. உள்ள வரணும்னா பேர் பதிஞ்சிட்டுத்தான் வரணும்."

"எ-எனக்கு அதெல்லாம் செய்யத் தெரியாதே."

"லென்ஸை மயிரிழைக்கு அரைக்கறே. இது வராதா?"

வந்தது. கடை விட்டு வந்து, சாயங்கால வேளைகளில், மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, காணொளி பார்த்துப் பார்த்து அவளே எழுதினாள். பெயருக்கு ஒரு கட்டம், கடவுச்சொல்லுக்கு ஒரு கட்டம். பொத்தானில் "உள்நுழை" என்றுதான் எல்லாரும் போடுகிறார்கள். அதட்டுகிற மாதிரி இருந்தது. அழித்துவிட்டு "உள்ளே வாங்க" என்று போட்டாள். முதல் தடவை சரியான கடவுச்சொல் போட்டும் திறக்காமல், தப்பான கடவுச்சொல்லுக்கு அகலத் திறந்தது. அண்ணி பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக் கொல்லைக் கதவு மாதிரியே இருக்கே" என்றாள். அதையும் சரிசெய்தாள்.

எல்லாம் முடிந்த நேரத்தில் ரேடியோ ஒன்று சொன்னான். போன் நம்பரும் கேட்கணும்.

"வேண்டாம்" என்றாள். அந்தச் சொல் மட்டும் அன்று திக்காமல் வந்தது.

"கேளு. சும்மா பேரை மட்டும் கேட்டா ஒருத்தனே பத்து வேஷத்துல வருவான். நம்பருக்கு ஒரு மெசேஜ் போகட்டும், அதுல வர்ற எண்ணைப் போட்டாத்தான் திறக்கும்னு வை. ஒருத்தனும் வாலாட்ட மாட்டான்."

"ந-நம்ம ஆளுங்க ப-ப-பயப்படுவாங்க. போன்னாலே..."

"நம்பர் நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்? நீயா கூப்பிடப் போறே? நானா கூப்பிடப் போறேன்?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உலகத்திலேயே போன் போடாத இரண்டு பேர்.

அவள் மூன்றாவது கட்டத்தைச் சேர்த்தாள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி எழுதினாள்: "இந்த எண்ணுக்கு யாரும், எப்போதும், கூப்பிட மாட்டோம்."

அந்த ஒரு வரியை நம்பித்தான் வந்தார்கள். தக்காளி மட்டும் தனியாகக் கேட்டு எழுதினாள்: "நெஜமாவா? எங்க வீட்ல ஒரு போன்தான். பாதி நேரம் வீட்டுக்காரர்தான் எடுப்பார்." கால்புள்ளி பதில் எழுதினாள்: "நான் பொறுப்பு."

பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள். கதவு வைத்ததும் கல் நின்றது. உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் தம்மவர்தான் என்று தெரிந்ததும், இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை எழுதினார்கள். தக்காளி தன் மகளைப் பற்றி எழுதினாள். வயிற்றில் சுமந்த மாதமெல்லாம் பெண் பிறந்தால் வைக்க ஒரு பெயர் வைத்திருந்தாளாம். 'த'வில் தொடங்கும் பெயர். பிறந்த பிறகு யோசித்தாளாம்: வைத்துவிட்டு எப்படிக் கூப்பிடுவது? தெருவில் ஓடுகிற பிள்ளையை, பள்ளி வாசலில், எதிரில் வண்டி வரும்போது? வாயில் வரக்கூடிய வேறொரு பெயரை வைத்தாள். அந்த முதல் பெயரை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பதிவைப் படித்துவிட்டுக் கால்புள்ளி வெகுநேரம் மேசையை விட்டு எழவில்லை. ரேடியோவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "அழுதியா? நானும்."

அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது குறைந்துபோனதும் அப்போதுதான். டயர் கடையில் வேலை அதிகம் என்றான். அவளும் நம்பினாள். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் போன் அடித்தது. வழக்கம்போல அண்ணிதான் எடுத்தாள். கேட்கக் கேட்க அண்ணியின் புருவம் மேலே போனது.

"யாரோ ஒருத்தி. தேன் ஒழுகுது குரல்ல. 'உங்க வீட்டுல திக்கிப் பேசறவங்க இருக்காங்கல்ல மேடம், அவங்க இனிமே வெட்கப்பட வேண்டாம், எங்க பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிட்டு வாங்க'ங்கறா. அவ ஒண்ணும் வெட்கப்படல, ராத்திரி சாப்பாட்டு நேரத்துல கூப்பிட்டதுக்கு நீ வெட்கப்படுன்னு வெச்சிட்டேன்."

கால்புள்ளி தட்டை நகர்த்திவிட்டு மடிக்கணினியை எடுத்தாள். தளத்தைத் திறந்தால் உள்ளே தீப்பிடித்த மாதிரி இருந்தது. எனக்கும் வந்தது, எனக்கும் வந்தது. வேலை செய்கிற இடத்தில் வந்தது. எடுத்துவிட்டு ஒரு சொல்லும் வராமல் நின்றேன், மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு எண் எப்படிக் கிடைத்தது? கூப்பிட மாட்டோம் என்றுதானே எழுதியிருந்தீர்கள்?

தக்காளி வெகு சுருக்கமாக எழுதியிருந்தாள். போனை வீட்டுக்காரர் எடுத்தார். அந்தப் பெண் அவரிடம், "பெத்த பொண்ணுக்கு ஆசைப்பட்ட பேரைக்கூட வைக்க முடியாத வேதனை உங்க மனைவிக்கு வேண்டாமே சார்" என்றாளாம்.

எண் மட்டுமல்ல, உள்ளே எழுதியதும் வெளியே போயிருந்தது.

கதவைச் செய்தவள் அவள். முதல் எண்ணமே தன் கை வேலையில் ஓட்டை என்பதுதான். ரேடியோவுக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது: "நீ புதுசாக் கத்துக்கிட்டு எழுதினதுதானே. எங்கயாவது ஓட்டை விட்டிருப்பே. விடு, தெரியாம நடந்தது. வெளியில சொல்லிக்காத, அடங்கிடும்."

அவள் அடக்கி வைக்கிற ஆள் இல்லை. "தவறு என்னுடையது. நான் செய்த பூட்டு சரியில்லை. மன்னியுங்கள்" என்று முகப்பில் எழுதிப் போட்டாள். வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்து, எழுதிய ஒவ்வொரு வரியையும் அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பார்த்தாள். ஓட்டை கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதால் தனக்கு அறிவு போதவில்லை என்றே நினைத்தாள். கடையில் இரண்டு லென்ஸ்களின் ஓரம் உடைந்தது. முதலாளி வேறு எடுத்துக்கொடுத்தார். அவர் திட்டாமல் விட்டதே அவளை இன்னும் கலக்கியது.

கடைசியில், ஓட்டை எங்கே என்று எடுத்தவர்களிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கூப்பிட்ட பெண் முகவரியை எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். போனில் கேட்க அவளால் ஆகாது. அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு நேரே போனாள். வழி நெடுக ஒரே வாக்கியத்தை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டு போனாள்: எங்கள் எண்கள் உங்களுக்கு எப்படிக் கிடைத்தன?

மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட நிலையம். வரவேற்பில் இருந்த பெண் அவள் முதல் எழுத்தில் நின்றதைப் பார்த்ததுமே முகத்தைக் கனிய வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் அவசரமில்லைங்க. நீங்க எங்க ஆலோசகர்கிட்டயே பேசுங்க. அவரும் உங்கள மாதிரி இருந்தவர்தான். இப்ப பாருங்க, தண்ணி மாதிரி பேசுவார்."

உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டாள். மேசைக்குப் பின்னால், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, ரேடியோ உட்கார்ந்திருந்தான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓட்டை எங்கே என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. எல்லாருடைய எண்ணையும் பார்க்க முடிகிற தளத்தின் உள்சாவி இருந்தது இரண்டே பேரிடம்.

"வாஆ. உட்காஆரு" என்றான். ஒவ்வொரு சொல்லையும் பாட்டு மாதிரி இழுத்தான். அது அவன் குரல் இல்லை. யாரோ தைத்துக் கொடுத்த சட்டையை இரவல் வாங்கிப் போட்டிருப்பதுபோல இருந்தது. "உன்கிட்டச் சொல்லணும்னுதாஆன் இருந்தேன். ட-டயர் கடையை விட்டுட்டேன். இங்க வந்ததுக்கப்புறம் எனக்குப் பேச்சு வருது பாரு. என் வாழ்க்கையில முதல் தடவையா போன் எடுத்துப் பேசறேன். தினமும் பேசறேன். நம்ம ஆளுங்களுக்கும் இது கிடைக்கட்டும்னுதான் குடுத்தேன். சத்தியமா. அவங்க வாழ்க்கை மாறிடும்."

"த-தக்காளி எ-எழுதினது..."

"ஒவ்வொருத்தருக்கும் என்ன கஷ்டம்னு தெரிஞ்சாத்தானே உதவ முடியும்? தப்பான எண்ணத்துல குடுக்கல. போன்ல கூப்பிடற பொண்ணு அதை அப்படியே ஒப்பிப்பான்னு நான் நினைக்கல."

"ஓ-ஓ-ஓட்டைன்னு சொன்னியே. எ-என் மேல..."

அவன் மேசையைப் பார்த்தான். "வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் உட்காரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று வாயைத் திறந்தாள். "ந..." வரவில்லை. "நம்... நம்..." கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள். தாடை பூட்டிக்கொண்டது.

"நம்பிக்கைத் துரோகம்னுதானே சொல்ல வர்றே" என்றான் அவன்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

அவள் சொல்ல வந்தது நம்பர். நம்பரையெல்லாம் அழிச்சிடச் சொல்லு. அவ்வளவுதான். துரோகம் என்ற சொல் அதுவரை அவள் மனதில்கூட வந்திருக்கவில்லை. அவனிடம்தான் அது தயாராக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் சொல்லை எடுத்துக்கொடுக்காதவன், முதல் தடவையாக எடுத்துக்கொடுத்தது இதை.

"நீயும் சேர்ந்துக்க" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "உனக்கு நாஆனே கத்துத் தரேன்."

அவள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. வரவேற்புப் பெண் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து இழுத்து, எச்சில் தெறிக்க, "நம்பரை எல்லாம் அழிச்சிடச் சொல்லு" என்று முடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் என்ன ஏது என்று கேட்டாள். கண்ணில் தூசி என்று கையால் ஜாடை காட்டினாள்.

அன்று சாயங்காலமே அவன் சாவியைப் பிடுங்கினாள். எண்கள் அத்தனையையும் தன் பக்கத்திலிருந்து அழித்தாள். மூன்றாவது கட்டத்தை எடுத்துவிட்டாள். பிறகு முகப்பில் இருந்த பழைய மன்னிப்பை எடுத்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதினாள். யார் கொடுத்தது, எங்கே கொடுத்தது, தனக்கு எப்படித் தெரிந்தது எல்லாம். "வாக்குக் கொடுத்தது நான். அதனால் இதுவும் என் பொறுப்புதான்" என்று முடித்தாள்.

பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "வேலியே பயிரை மேஞ்சிருக்கு. அந்தப் பாவத்தை நீ ஏன் உன் தலையில தூக்கி வெச்சுக்கறே? அவன் பண்ணான்னு எழுதிட்டு விட வேண்டியதுதானே."

"அ-அவங்க நம்பினது அவனை இல்ல அண்ணி. எ-என் வரியை."

அண்ணி அடுப்படிக்குப் போனாள். பிறகு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து கணினியை நகர்த்திவிட்டு வைத்தாள். "தின்னுட்டு எழுது."

அழைப்புகள் சட்டென்று நிற்கவில்லை. நடத்துநரும் இன்னும் சிலரும் சேர்ந்து நேரே போய்ச் சத்தம் போட்ட பிறகு அடங்கின. திக்குவாய்க்காரர்கள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் சண்டை போட்டால் எப்படி இருக்கும் என்று நடத்துநர் தளத்தில் எழுதியிருந்தார். படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் பாதிப் பேருக்கு மேல் போய்விட்டிருந்தார்கள். சிலர் திட்டிவிட்டுப் போனார்கள், சிலர் சொல்லாமல் போனார்கள்.

தக்காளி போகும்போது எழுதினாள்: "உங்க மேல கோபம் இல்ல. நீங்க நல்லவங்கன்னு தெரியும். ஆனா இனிமே எங்கயும் எதையும் எழுத மாட்டேன். என் பொண்ணுக்கு விஷயம் தெரிஞ்சிடுச்சு. பக்கத்துல வந்து உக்காந்து, அந்தப் பேரை ஒரு தடவை சொல்லும்மா, எப்படி இருக்குன்னு கேட்கறேன்னு சொன்னா. நான் ரொம்ப நேரம் முயற்சி பண்ணேன். வரல. அவ, பரவால்லம்மான்னு எழுந்து போயிட்டா."

கால்புள்ளி அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். எழுத்தில் திக்காதவளுக்கு அன்று எழுத்திலும் ஒன்றும் வரவில்லை.

ரேடியோ எழுதினான். பல தடவை. முதலில் நீளமாக நியாயம். பிறகு குட்டையாக மன்னிப்பு. ஒரு தடவை, "லாகின் ஆகல, பாஸ்வேர்ட் தப்புன்னு வருது" என்று மட்டும், ஒன்றும் நடக்காதது போல. அவள் எதற்கும் பதில் போடவில்லை. கோபத்தினால் அல்ல. என்ன எழுதினாலும் அது அவனோடு பேசுவதாக ஆகிவிடும், பேச ஆரம்பித்தால் மன்னித்துவிடுவோம் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

தளத்தை அவள் மூடவில்லை. இருக்கிற கொஞ்சம் பேருக்காக நடத்துகிறாள். எண் கேட்காததால் கல்லெறிகிறவர்கள் திரும்ப வந்துவிட்டார்கள். தினமும் காலையில் பல் துலக்கியதும் அவர்கள் எழுதியதை அழித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறாள். முன்பின் தெரியாதவர்கள் எறிகிற கல் அவ்வளவாக வலிப்பதில்லை.

போன வாரம் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற மனைவியை உற்றுப் பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி முதலாளியிடம் நீட்டி, "பழையதையே குடுத்துடுங்க தம்பி, இத்தனை வருஷம் நிம்மதியா இருந்துட்டேன்" என்றார். அந்த அம்மாள் கையிலிருந்த பையாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தாள். திரைக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்த கால்புள்ளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். விரல் பழக்கத்தில் ரேடியோவின் பெயருக்குப் போய், "இன்னிக்கு ஒருத்தர்" என்று அடித்தும் விட்டது.

அடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். முன்பக்கத்தில் பெரியவரும் மனைவியும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் போனை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, அரைக்கும் இயந்திரத்தின் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அடுத்த லென்ஸை எடுத்தாள்.